உத்திரமேரூரில் ஒரு தோட்டக் கணக்கு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் சுமார் 30 கி.மீ. பட்டுச்சேலைக் கடைகளின் விளம்பரப் பலகைகள் ஓய்ந்ததும் ஓரிக்கை வரும். அதைத் தாண்டினால் பாலாற்றின் அகன்ற மணல்வெளி. பிறகு நெல் வயல், கரும்பு, தென்னை, இடையிடையே ஏரிக்கரை எனச் சாலை நீள்கிறது. சென்னையிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் கோயில்களுக்காகவும் கல்வெட்டுக்காகவும் இந்த வழியில் வருகிறார்கள். இந்த முறை கோயிலோடு சேர்த்து மரங்களையும் பார்த்துக்கொண்டே போகலாம், வாருங்கள்.

வழியில் முதலில் மாகறல். செய்யாற்றங்கரையில் இருக்கும் பாடல் பெற்ற சிவத்தலம். இந்த ஊரின் தல வரலாற்றில் ஒரு பலாமரம் உண்டு. தினமும் ஒரு பழம் தரும் அதிசய மரம். அந்தப் பழத்தை இங்கிருந்து சிதம்பரத்துக்குச் சுமந்துபோய் நடராஜருக்குப் படைத்து, பிறகு ராஜேந்திர சோழனிடம் சேர்க்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் முறைவைத்துச் சுமந்தார்கள். சிதம்பரம் இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்! ஒருநாள் முறை வந்த சிறுவன் ஒருவன், சுமைக்கு ஒரு முடிவு கட்ட மரத்துக்கே தீ வைத்துவிட்டானாம். பழம் வராததால் மன்னன் விசாரித்தான் என்று கதை போகிறது.

கதை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மரம் ஏன் அழிந்தது என்று கேட்டதும் பதில் கிடைத்துவிட்டது. தீ வைத்தவன் யார், எதற்காக வைத்தான் என்பதெல்லாம் தெரிந்தது. இன்றைய தோட்டக்காரருக்கு அந்தக் கொடுப்பினை பல நேரம் இல்லை. மரம் குன்றுகிறது, காய் சிறுக்கிறது, பட்டை வெடிக்கிறது. யார் வைத்த தீ என்று மட்டும் தெரிவதில்லை.

கல்லில் எழுதிய தோட்ட வாரியம்

உத்திரமேரூரில் இறங்கினால் வைகுண்டப் பெருமாள் கோயிலைத் தேடி அலைய வேண்டாம், ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள அமைதியான இடம். அதன் சுவர்களில்தான் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று பொ.ஆ. 919, மற்றது 921.

பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது குடமும் ஓலையும்தான். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையில் ஏற்கெனவே வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது அல்லவா!

பாடப் புத்தகம் அவசரமாகக் கடந்துபோன ஒரு செய்தி இருக்கிறது. இப்படித் தேர்வானவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள்? ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். தோட்டத்தைக் கவனிக்க ஏரியைப் போல இரண்டு மடங்கு ஆட்கள்! இந்த இரண்டிலும் அனுபவம் பெற்ற மூத்தவர்களைத்தான் ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பதவிக்காலம் 360 நாள்.

தகுதிகளும் கடுமையானவை. வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம். சொந்த மனையில் வீடு. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமான விதி கணக்கு பற்றியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி போட்டியிட முடியாது. அவர் மட்டுமல்ல, சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார் என்று அவருடைய சொந்தபந்தமும் போட்டியிட முடியாது.

இதை இன்றைய ஜனநாயகம் என்று அப்படியே புகழ்ந்துவிட முடியாது. இது வேதம் கற்ற பிராமணர்களின் சபை. பெண்களுக்கோ உழுத கைகளுக்கோ அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை அந்தச் சபை புரிந்து வைத்திருந்தது. பொதுச்சொத்தைக் காப்பாற்ற நல்ல மனசு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். கணக்கில் ஒரு இடத்தில் ஓட்டை தெரிந்தால், அதோடு தொடர்புள்ள எல்லா இடத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

கல்வெட்டில் உள்ள இந்தச் சொந்தபந்த விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குப் போனதும் இது தேவைப்படும்.

வண்டியில் வந்த கன்று

ஊரை விட்டு வெளியே வந்து ஏரிக்கரைப் பக்கம் நடந்தால், உத்திரமேரூரின் இன்றைய மாற்றம் தெரியும். வயலுக்கு நடுவே கம்பிவேலி போட்ட பண்ணை மனைகள். சென்னையில் வேலை பார்ப்பவர்கள் ஓய்வுக்காலத்துக்கு என்று வாங்கிப் போட்டவை. வேலிக்குள் நாலு மா, நாலு தென்னை, இரண்டு கொய்யா, ஓரத்தில் எலுமிச்சை. பரம்பரை விவசாயிகளும் நெல்லுக்கு ஆள் கிடைக்காமல், கொஞ்ச நிலத்தைப் பழமரத்துக்கு மாற்றுகிறார்கள்.

கரையோரம் ஒரு சிறிய எலுமிச்சைத் தோட்டம். உள்ளே களை பறித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எத்தனை வருஷத்து மரம், ஐயா?"

"ஆறு வருஷம் ஆச்சு தம்பி. இந்தப் பக்கம் இருக்கற வரிசை நல்லா காய்க்குது. அந்த மூலையில பாரு, அஞ்சு மரம் இடுப்பு உசரத்தோட நின்னுபோச்சு. உரம் வச்சாச்சு, மருந்தும் அடிச்சாச்சு. ஒண்ணும் எடுபடல."

"கன்று எங்கே வாங்கினீங்க?"

"வண்டியில கொண்டாந்தாங்க. நல்லா பச்சையாத்தான் இருந்துச்சு. எந்த ஊரு நர்சரின்னு அப்ப யாரு கேட்டா?"

அந்த ஐந்து மரங்களுக்கு என்ன குறை என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. துத்தநாகச் சத்துக் குறைவாக இருக்கலாம். வேரழுகலாக இருக்கலாம். டிரிஸ்டெசா என்ற வைரஸாக இருக்கலாம். பசுமையாக்கல் நோய் தரும் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். எலுமிச்சை இனத்து மரம் எதனால் படுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் முகம் சுளிக்கும். இந்தச் சந்தேகப் பட்டியலில் நம் விவசாயிகள் அதிகம் கேள்விப்படாத ஒரு பெயர் இருக்கிறது. அதுதான் வைராய்டு.

ஆனால் பெரியவர் சொன்ன கடைசி வாக்கியத்தில் இருக்கிறது உண்மையான சிக்கல். ஆறு வருட உழைப்பு, ஆறு வருடத் தண்ணீர், ஆறு வருட நில வாடகைக்குச் சமமான இழப்பு. எல்லாம் ஊர் பேர் தெரியாத ஒரு வண்டியிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

வைரஸுக்கும் சிறியது

வைரஸ் என்றாலே மிகச் சிறியது. வைராய்டு அதைவிடச் சிறியது. வைரஸுக்கு மேலே புரதச் சட்டை ஒன்று இருக்கும். வைராய்டுக்கு அதுவும் கிடையாது. வட்டமாக மூடிக்கொண்ட வெறும் ஆர்.என்.ஏ. இழை, அவ்வளவுதான். கொரோனா வைரஸின் மரபுச் செய்தி சுமார் 30,000 எழுத்து நீளம் என்றால், எலுமிச்சை இனத்தைத் தாக்கும் எக்ஸோகார்டிஸ் வைராய்டின் நீளம் சுமார் 371 எழுத்துதான். தென்னையைக் கொல்லும் ஒரு வைராய்டு 246 எழுத்திலேயே வேலையை முடித்துவிடுகிறது. இந்தப் பத்தியில் இருக்கும் எழுத்துகள் அதைவிட அதிகம்!

1971-ல் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர் தியோடர் டீனர்தான், உருளைக்கிழங்கைக் கதிர்போல ஒல்லியாக்கும் நோயை ஆராய்ந்தபோது இதைக் கண்டறிந்து, வைராய்டு என்று பெயர் வைத்தார். புரதம் எதையும் உண்டாக்கத் தெரியாத ஒரு துணுக்கு எப்படி நோய் தரும் என்று அறிவியல் உலகமே வியந்தது. செடியின் சொந்தக் கருவிகளைக் கொண்டே தன்னை நகலெடுத்துக்கொள்கிறது அது. மனிதர்களுக்கோ மாடு கன்றுகளுக்கோ இதனால் தொல்லை இல்லை. நோய் கண்ட மரத்தின் எலுமிச்சையைத் தாராளமாகச் சர்பத் போடலாம்.

தொல்லை எல்லாம் மரத்துக்கும் அதை நம்பிய குடும்பத்துக்கும்தான். எக்ஸோகார்டிஸ் நோயை 1948-ல் கலிபோர்னியாவில் முதன்முதலில் விவரித்தார்கள். சில வகை வேர்ச்செடிகளின் மீது ஒட்டுக் கட்டிய மரங்களில், ஒட்டுக்குக் கீழே பட்டை செதில் செதிலாக உரிந்தது. மரம் குட்டையாக நின்றது. கன்று நட்டு நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் பெரும்பாலும் இந்த அடையாளமே தெரியும். வேறு வேர்ச்செடியின் மீது கட்டிய மரமானால், உள்ளே வைராய்டு இருந்தாலும் வெளியே ஒன்றுமே தெரியாது. ஆரோக்கியமாக நிற்கும் அந்த மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்தால், நோயும் சேர்ந்தே விலைபோகும்.

இந்தியாவிலும் இது புதிதல்ல. இலை நரம்புகள் மஞ்சளாகித் தக்கைபோல் தடிக்கும் எலுமிச்சை நோயை ஆராய்ந்த டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அதில் வைராய்டு இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் தோட்டங்களில், பழத்தின் தோலைத் தழும்பாக்கும் வைராய்டை பாலம்பூர் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆப்பிளைத் தின்னலாம். ஆனால் தழும்பு விழுந்த ஆப்பிளைச் சந்தையில் யார் வாங்குவார்கள்?

எல்லாவற்றையும் விடப் பயங்கரம் பிலிப்பைன்ஸில் நடந்தது. அங்கே பிக்கோல் பகுதியில் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் தென்னைகள் மெல்ல மெல்லச் சாகத் தொடங்கின. காய் உருண்டு சிறுத்தது, மட்டையில் மஞ்சள் புள்ளி விழுந்தது, பாளை நின்றது, கடைசியில் மரமே போனது. ஒரு மரம் நோய் காட்டத் தொடங்கிச் சாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அந்த ஊர் மொழியில் செத்துக்கொண்டிருப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'கடாங்-கடாங்' என்று பெயர் வந்தது. இதுவரை 3 கோடிக்கும் மேற்பட்ட தென்னைகள் மாண்டதாகக் கணக்கு. அதற்குக் காரணம் வைராய்டு என்று 1975-ல்தான் தெரியவந்தது. முதல் மரம் சாய்ந்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது! வீட்டுக்கு வீடு தென்னை வைத்திருக்கும் நமக்கு இது அடிவயிற்றைக் கலக்கும் செய்தி. வெளிநாட்டுத் தென்னங்கன்றை யாரும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று விமான நிலையத்தில் கெடுபிடி காட்டுவது இதற்காகவும்தான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கண்ணால் முடியாது என்று பார்த்தோம். வைரஸ் நோய்களுக்கு எலிசா என்ற மலிவான சோதனை ஒன்று உண்டு. அது வைரஸின் புரதச் சட்டையை அடையாளம் காணும். வைராய்டுக்குத்தான் சட்டையே இல்லையே! ஆகவே எலிசா இங்கே உதவாது.

பழைய வழி மிக அழகானது. ஒரு செடியையே சாட்சியாக வைப்பது. நம் ஊர் நாரத்தைக்கு நெருங்கிய உறவான எட்ராக் சிட்ரான் என்ற இனம், எக்ஸோகார்டிஸ் வைராய்டைக் கண்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சந்தேகமுள்ள மரத்தின் ஒரு துண்டை அதில் ஒட்டி, வெதுவெதுப்பான கண்ணாடிக் குடிலில் வைப்பார்கள். சில வாரங்களில் அல்லது மாதங்களில் சிட்ரானின் இலைகள் கீழ்நோக்கிச் சுருண்டால், மரத்துக்குள் வைராய்டு இருக்கிறது என்று பொருள். வெயில் குறைந்தால் சாட்சி பேசாது. நம் காஞ்சிபுரத்து வெயிலில் நன்றாகவே பேசும்!

இப்போதைய வழி நம் எல்லோருக்கும் பழக்கமானது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த ஆர்.டி-பி.சி.ஆர். சோதனைதான். இங்கே மூக்குக்குப் பதில் இலை அல்லது பட்டை. இலையை அரைத்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதில் வைராய்டின் எழுத்து வரிசை இருக்கிறதா என்று பெருக்கிப் பார்ப்பார்கள். சில மணி நேரத்தில் விடை. இன்னும் ஒரு படி மேலே போய், இலையில் உள்ள எல்லா ஆர்.என்.ஏ.வையும் மொத்தமாகப் படித்து, இதுவரை பெயர் வைக்காத வைராய்டைக்கூடக் கண்டுபிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன.

ஆனால் கொரோனா நமக்கு இன்னொரு பாடமும் சொல்லித் தந்தது. சோதனை மட்டும் போதாது. 'பாசிட்டிவ்' என்று வந்ததும் அடுத்த கேள்வி என்ன? "யார் யாரோடு பழகினீர்கள்?" வீட்டுக்காரர்கள் யார், பக்கத்து வீடு எது, பேருந்தில் அருகில் உட்கார்ந்தது யார் என்று பட்டியல் எடுத்தார்களே, அதே பட்டியல் மரத்துக்கும் வேண்டும்.

மரத்தின் சொந்தபந்தம்

இங்கேதான் கல்வெட்டு விதி கைகொடுக்கிறது. ஒரு மரத்தில் வைராய்டு இருந்தால், அதன் தாய்மரத்தைச் சந்தேகப்பட வேண்டும். அந்தத் தாய்மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி போன எல்லா உடன்பிறப்புக் கன்றுகளையும் சந்தேகப்பட வேண்டும். அதே நாளில் அதே கத்தியால் கவாத்து செய்த பக்கத்து வரிசையையும் சந்தேகப்பட வேண்டும். சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார்!

ஏனென்றால் வைராய்டுக்கு மிகப் பிடித்த வாகனம் மனிதக் கைதான். ஒட்டுக் கத்தி, கவாத்துக் கத்தரி, அரிவாள் இவற்றில் ஒட்டிய சாற்றிலேயே அது ஊர் சுற்றும். தீயில் வாட்டினால் செத்துவிடும் என்று நினைத்தால் அதுவும் நம்பகமில்லை. வீட்டில் துணிக்குப் போடும் ப்ளீச் கரைசல்தான் இதற்குச் சரியான எதிரி. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, ஒவ்வொரு மரத்துக்கும் நடுவே கத்தியை நனைத்து எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவி எண்ணெய் தடவாவிட்டால் கத்தி துருப்பிடித்துவிடும். கூலிக்குக் கவாத்து செய்பவர் ஊர் ஊராகத் தன் கத்தரியோடு போகிறவர். அவரிடம் ஒரு பாட்டில் ப்ளீச் கரைசலைக் கொடுத்து, பொறுமையாகச் சொன்னால் செய்வார். தோட்டத்துக்குத் தனியாக ஒரு கத்தரி வாங்கி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கத்தி மட்டும்தானா? இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2005-ல் ஒரு வேடிக்கையான கேள்வியை எழுப்பினார்கள். ஆடுகள் கொம்பை மரத்தில் தேய்க்கின்றனவே, அந்தக் கொம்பு வழியாக வைராய்டு ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகுமா? போகக்கூடும் என்றது அவர்கள் சோதனை. உத்திரமேரூர் ஏரிக்கரையில் வேலி இல்லாத தோட்டங்களுக்குள் ஆடுகள் சாவகாசமாகப் புகுந்து வெளியே வருவதைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. பாலம்பூர் ஆய்வாளர்களோ, ஆப்பிள் வைராய்டை ஒருவகை வெள்ளை ஈ சுமந்து செல்ல முடியும் என்று 2015-ல் ஆய்வகத்தில் காட்டினார்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. எலுமிச்சை இனத்தில் வைராய்டு பொதுவாக விதை வழியாகப் பரவுவதில்லை. தமிழ்நாட்டில் எலுமிச்சையை விதைக் கன்றாகவே நடும் வழக்கம் பரவலாக உண்டு. நம் முன்னோர் வைராய்டை அறிந்து செய்ததல்ல என்றாலும், அந்த வழக்கம் ஒரு கவசமாக இருந்திருக்கிறது. ஒட்டுக் கட்டி வரும் சாத்துக்குடிக்கு அந்தக் கவசம் இல்லை. அவகாடோவுக்கோ விதைகூட ஆபத்து. வெளியே ஒரு குறையும் காட்டாத அவகாடோ மரத்தின் விதை வழியாக அதன் வைராய்டு தாராளமாக இறங்கும்.

நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்தத் தோட்டத்தில் எந்த மருந்தும் கிடையாது. ஆனால் அருமையான ரகம் ஒன்று வைராய்டில் மாட்டிக்கொண்டால், அந்த ரகத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறது. நுனிக்குருத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அளவுத் துணுக்கை நுண்ணோக்கியின் கீழே வெட்டியெடுத்து, கண்ணாடிக் குழாயில் வளரும் விதைக் கன்றின் மீது ஒட்டுவார்கள். அந்த நுனிக்குள் வைராய்டு பெரும்பாலும் எட்டியிருக்காது. அப்படி வளரும் செடியை மறுபடி மறுபடி சோதித்து, பூச்சி புகாத குடிலில் தாய்மரமாக வைப்பார்கள். நாக்பூரில் உள்ள மத்திய எலுமிச்சை இன ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறையில் நோயற்ற கன்றுகளை உண்டாக்கி வருகிறது.

1,765 கோடி ரூபாயும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

2024 ஆகஸ்ட் 9 அன்று மத்திய அமைச்சரவை 'க்ளீன் பிளான்ட்' என்ற தூய செடித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு 1,765.67 கோடி ரூபாய். நாடு முழுவதும் 9 மையங்கள். எலுமிச்சை இனத்துக்கு நாக்பூர், மா, கொய்யா, அவகாடோவுக்கு பெங்களூரு, திராட்சைக்கு புனே என்று பிரித்திருக்கிறார்கள். தாய்மரங்களைச் சோதித்து, சுத்தமான ஒட்டுக்குச்சியை நர்சரிகளுக்குக் கொடுப்பதுதான் நோக்கம். நல்ல திட்டம், தாமதமாகவேனும் வந்திருக்கிறது.

ஆனால் நாக்பூரில் சுத்தமாகப் புறப்பட்ட கன்று உத்திரமேரூர் ஏரிக்கரைக்கு வந்து சேரும்வரை எத்தனை கை மாறும்? எந்த இடத்தில் அழுக்குக் கத்தி பட்டது என்று யாருக்குத் தெரியும்? அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எந்த வரிசை, எத்தனையாவது மரம், எந்த நர்சரி, எந்தத் தேதி, என்ன ரகம், எந்த வேர்ச்செடி, யார் கவாத்து செய்தார் என்று எழுதி வைத்தால், நாளை ஒரு மரத்தில் சந்தேகம் வரும்போது ஆய்வகத்துக்கு எதை அனுப்புவது, எதை வேலி போட்டுத் தனிமைப்படுத்துவது என்று தெரியும். நோட்டு இல்லாவிட்டால் ஆயிரம் மரத்தையும் சோதிக்க வேண்டும். அதற்குப் பணமும் கிடையாது, பொறுமையும் கிடையாது.

நீங்கள் கன்று வாங்கப் போனால் நான்கு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். தாய்மரம் எங்கே இருக்கிறது, பார்க்க முடியுமா? எந்த வேர்ச்செடியில் கட்டியது? தாய்மரத்தைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? ரசீதில் ரகம், தேதி, நர்சரி பெயர் போட்டுத் தருவீர்களா? நான்குக்கும் பதில் கிடைக்காவிட்டாலும் கடைசிக் கேள்விக்காவது பதில் வேண்டும். ரசீது தராத வண்டியில் வரும் கன்று எவ்வளவு பச்சையாக இருந்தாலும், அதற்குப் பூர்வீகம் கிடையாது. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் நர்சரிக்காரரும் எழுதத் தொடங்குவார். ஒரு ஊரே சேர்ந்து கேட்டால் அதுதான் தோட்ட வாரியம்.

பார்த்துவிட்டு வாருங்கள்

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலேயே சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. நின்ற, அமர்ந்த, கிடந்த கோலங்களில் மூன்று தளங்களில் பெருமாளைச் சேவிக்கலாம். பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற பெரிய ஏரியின் கரையில், மாலை வெயில் சாயும் நேரத்தில் ஒரு நடை போகலாம். 6 பேர் கொண்ட ஏரி வாரியம் காத்த நீர்நிலை இது.

நேரம் இருந்தால் திருமுக்கூடலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர் என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. மனிதருக்கு வரும் நோய்க்கும் இந்த வட்டாரத்தில் எழுத்தில்தான் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

ஏரிக்கரைப் பெரியவரிடம் விடைபெறும்போது, அந்த ஐந்து மரத்தின் இலைகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, எந்த மரம் என்று எழுதி, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டச் சொன்னேன். முடிவு தெரியும்வரை அந்த மூலைக்குத் தனிக் கத்தரி வைத்துக்கொள்ளும்படியும் சொன்னேன். தலையாட்டினார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, பேத்தியைக் கூப்பிட்டார். "பாப்பா, உன் பழைய நோட்டு ஒண்ணு எடுத்துக்கினு வா. எழுதாத பக்கம் இருந்தா போதும்."